மணலில் எழுதிய மதபோதகர்

தாம் மெய்யென்று நம்பும் ஒன்றைப் பிறருக்கும் எடுத்துரைக்க விழைவது மனித இயல்பு. கேட்பவர் தலையசைத்தால் உள்ளம் பூரிக்கிறது. முகத்தைத் திருப்பிக் கொண்டாலோ சோர்ந்து விடுகிறது. ஓரிரு முறை மறுப்பைக் கண்டதும் பின்வாங்கி விடுவோர் பலர். மறுத்தவரைப் பகைவராக எண்ணி ஏசுவோரும் உண்டு. பின்வாங்காமலும், பகை கொள்ளாமலும், கடைசி மூச்சு வரை தம் பணியில் நின்றவர் மிகச் சிலரே. அந்தச் சிலருள் ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

தமிழ் இலக்கிய வரலாற்றில் கிறித்தவர் ஆற்றிய தமிழ்த்தொண்டு என்னும் பகுதியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகியோருடன் இவர் பெயரும் வரும். அச்சுக்கூடம் அமைத்தார், விவிலியத்தை மொழிபெயர்த்தார் என்று இரண்டு வரி இருக்கும். தேர்வுக்கு அந்த இரண்டு வரி போதும். ஆனால் அந்த இரண்டு வரிக்குப் பின்னால் ஓர் இளைஞனின் கண்ணீரும் உழைப்பும் மறைந்து கிடக்கின்றன. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். எந்தச் சமயத்துக்கும் பரிந்து பேசுவது நோக்கமன்று.

இளமையும் அழைப்பும்

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்னிட்ஸ் என்றொரு சிற்றூர். அங்கே 1682-ஆம் ஆண்டு ஒரு தானிய வணிகரின் மகனாகச் சீகன்பால்கு பிறந்தார். சிறு வயதிலேயே தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்து போயினர். தாய் சாகும் தறுவாயில் பிள்ளைகளை அருகே அழைத்துத் தாம் சேர்த்து வைத்த செல்வம் வேத புத்தகத்துக்குள்ளே இருக்கிறது என்று கூறிவிட்டுக் கண்மூடினார் என அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். அந்தச் செல்வத்தைத் தவிர அவருக்கு வேறு சொத்தில்லை. உடலும் நோஞ்சான் உடல். படிப்பு அடிக்கடி தடைப்பட்டது.

அந்நாளில் ஹாலே நகரில் பிராங்கே என்னும் பேராசிரியர் அநாதை இல்லமும் பள்ளிகளும் நடத்தி வந்தார். சடங்குகளை விட உள்ளத் தூய்மையும் ஏழைகளுக்கான தொண்டுமே சமயம் என்பது அவர் கொள்கை. சீகன்பால்கு அவரிடம் மாணவரானார். இந்த நிலையில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக், தம் வணிகக் குடியிருப்பாகிய தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளரை அனுப்ப விரும்பினார். சொந்த நாட்டில் ஆள் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் தேடியபோது சீகன்பால்குவும் அவரினும் சில ஆண்டுகள் மூத்தவரான ஹென்ரிக் புளுட்சோவும் முன்வந்தனர்.

முதல் மறுப்பு புறப்படும் முன்னரே வந்தது. கோபன்ஹேகன் ஆயர் இவர்களைச் சோதித்துத் தேர்வில் தவறியவர் என்று தள்ளினார். ஹாலேயின் போக்கு அவருக்குப் பிடிக்காதது. மன்னர் தலையிட்ட பின்னரே இரண்டாம் முறை தேர்வு நடந்து குருப்பட்டம் கிடைத்தது. 1705 நவம்பர் இறுதியில் சோபியா ஹெட்விக் என்னும் கப்பல் இருவரையும் ஏற்றிக் கொண்டு புறப்பட்டது.

கரையில் நின்ற இருவர்

தரங்கம்பாடியை 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து டேனியர் பெற்றிருந்தனர். அங்கே டான்ஸ்பர்க் என்னும் கோட்டையைக் கட்டி வாணிகம் நடத்தினர். ஏறத்தாழ நூறாண்டுக் காலம் மிளகும் துணியும் ஏற்றுமதியாயின, அடிமைகளும் விற்கப்பட்டனர். ஊர் மக்களின் மொழியை முறையாகக் கற்க வேண்டும் என்று கோட்டைக்காரர் எவரும் கருதவில்லை.

ஏழு மாதங்களுக்கு மேல் கடலில் அலைந்து 1706 சூலை 9-ஆம் நாள் கப்பல் தரங்கம்பாடியை அடைந்தது. அரசரின் ஆணையோடு வந்தவர்களுக்கு மாலை மரியாதை கிடைத்திருக்கும் என்று நாம் நினைப்போம். நடந்தது வேறு. கோட்டைத் தலைவர் ஹாசியஸ் அவர்களை நெடுநேரம் காக்க வைத்தார். எதற்காக வந்தீர்கள் என்ற தோரணையில் விசாரித்தார். பிறகு கடைத்தெருவில் நிற்க விட்டுத் தம் வழியே போய்விட்டார். இருட்டும் வரை போக்கிடமின்றி அந்நிய மண்ணில் இருவரும் நின்றனர். இரக்கப்பட்ட ஒருவர் தங்க இடம் காட்டினார்.

வணிகருக்கு இவர்கள் மீது ஏன் இத்தனை வெறுப்பு? சமயப் பணியாளர் வந்தால் ஊர் மக்கள் ஆத்திரம் கொள்வர், வாணிபம் கெடும் என்பது ஒரு காரணம். வெள்ளையரின் குடியையும் ஒழுக்கக் கேட்டையும் இவர்கள் கண்டிப்பார்கள் என்பது இன்னொரு காரணம். இரண்டும் உண்மையாகவே ஆயின.

மணலே பலகை

இருபத்து நான்கு வயது இளைஞர் அடுத்து என்ன செய்தார்? பள்ளிக்கூடம் போனார். ஆம், திண்ணைப் பள்ளிக்கூடம்தான். வயது முதிர்ந்த தமிழாசிரியர் ஒருவரை வேண்டித் தம் வீட்டிலேயே பள்ளியை நடத்தச் செய்தார். சிறுவர்கள் தரையில் மணலைப் பரப்பி விரலால் அ, ஆ என்று எழுதினர். அவர்களுக்கிடையே சம்மணமிட்டு அமர்ந்து அந்த ஐரோப்பிய இளைஞரும் மணலில் விரல் பதித்தார். எழுத்து வாசனை அதிகம் இல்லாத வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்தவன் நான். படித்த ஒருவர் சிறு பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் அமர எத்தனை பணிவு வேண்டும் என்பதை எண்ணி வியக்கிறேன்.

பல மொழிகள் தெரிந்த அழகப்பன் என்பவர் துபாஷியாக உதவினார். நாள்தோறும் காலையில் பழைய சொற்களை மனப்பாடம் செய்வார். பிறகு நண்பகல் வரை ஒரு புலவரையும் எழுத்தரையும் அருகில் வைத்துக் கொண்டு ஏடுகளைப் படிப்பார். மாலையில் கண் களைத்த பின்னும் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். இப்படி இரண்டே ஆண்டில் இருபதாயிரம் சொற்களைத் தொகுத்தார். ஊர் ஊராக ஆள் அனுப்பிக் கைம்பெண்களிடம் முடங்கிக் கிடந்த ஓலைச்சுவடிகளை விலைக்கு வாங்கினார். 1708-இல் தாம் திரட்டிய நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார். திருக்குறள் அதில் இடம்பெற்றது. அதே ஆண்டில் நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வந்த புதிதில் அவரும் இந்நாட்டவரை அறியாமையில் மூழ்கியவராகவே எண்ணியிருந்தார். ஒரு முறை வழியில் இருந்த கோயிலொன்றில் தெய்வ உருவங்களைத் தள்ளி உடைத்தார். அங்கிருந்த ஆசிரியர் ஒருவர் அவரோடு வாதிட்டார்; அவை கடவுள் அல்ல, கடவுளின் ஏவலாட்களைக் குறிப்பவை என்று விளக்கினார். சீகன்பால்கு செய்தது தவறு. பிறர் வணங்குவதை உடைப்பவன் யாருக்கும் நற்செய்தி சொல்ல முடியாது. ஆனால் அந்நிகழ்ச்சியை அவரே எழுதி வைத்தார், எதிர்வாதத்தையும் சேர்த்தே எழுதி வைத்தார். தமிழ் நூல்களைப் படிக்கப் படிக்க இம்மக்களின் அறிவையும் ஒழுக்கத்தையும் உயர்வாக மதிக்கலானார். தெய்வங்களைப் பற்றிய அவர் கருத்து கடைசி வரை மாறவில்லை. மனிதரைப் பற்றிய கருத்து மாறியது.

கோட்டைச் சிறை

1707 மே மாதத்தில் முதன்முதலாக ஐந்து பேர் அவரிடம் திருமுழுக்குப் பெற்றனர். அவர்கள் ஐரோப்பியரின் வீடுகளில் அடிமைகளாய் உழைத்தவர்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் எருசலேம் ஆலயம் என்னும் சிறு கோயில் எழுந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடந்தது. பெண் குழந்தைகளும் படித்தனர். தெருவில் பெண் பிள்ளை எழுதப் படிப்பது புதுமையாக இருந்த காலம் அது.

இருந்தும் கேட்டவரில் பெரும்பாலோர் மறுத்தனர். திருமுழுக்குப் பெற்றவர் உறவையும் உடைமையையும் இழக்க நேர்ந்தது. தம் சொல்லைக் கேட்டதால் பிறர் படும் துன்பமே தமக்குற்ற துன்பத்தினும் அவரை வருத்தியது.

1708-ஆம் ஆண்டின் இறுதியில் பெருஞ்சோதனை வந்தது. ஓர் ஏழை நாவிதரின் கைம்பெண் கடன் வழக்கில் நியாயம் கிடைக்காமல் தவித்தாள். எதிராளி கம்பெனியின் துபாஷி. சீகன்பால்கு அப்பெண்ணுக்காகப் பரிந்து பேசினார். அது அரச துரோகம் என்று குற்றம் சாட்டி ஹாசியஸ் அவரைக் கோட்டைச் சிறையில் அடைத்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கும் பணியை அவர் தொடங்கி அப்போது ஒரு மாதமே ஆகியிருந்தது. கடல் காற்றும் வெக்கையும் நிறைந்த அந்த அறையில் நான்கு மாதம் கிடந்தார். தொடக்கத்தில் எழுதுகோலும் மையும் தர மறுத்தனர். பிறகு கிடைத்தபோது இரண்டு நூல்கள் எழுதினார். வெளியே சிறு திருச்சபை சிதறத் தொடங்கியிருந்தது.

1709 மார்ச்சில் விடுதலையானதும் மன்னரிடம் முறையிட்டு ஊரைவிட்டுப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. விட்ட இடத்தில் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1711 மார்ச் 31-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் முடிந்தது. அதே ஆண்டில் உற்ற துணைவரான புளுட்சோ தாயகம் திரும்பினார்.

மறுப்பையும் பதிவு செய்தவர்

சீகன்பால்குவின் வாழ்வில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி இனி வருவதுதான். அவர் ஊர்களுக்குச் சென்று பிராமணர், புலவர், வணிகர், இசுலாமியர், உழவர் என யாவரோடும் சமய உரையாடல் நடத்தினார். நாகப்பட்டினத்தில் கற்றோர் கூடிய அவையில் ஒரு முறை மணிக்கணக்காக வாதம் நடந்தது. தஞ்சைக்குப் போக முயன்றபோது அயல்நாட்டார் மன்னர் இசைவின்றி உள்நாட்டில் நடமாடக் கூடாதென்பதால் பாதி வழியில் திரும்ப வேண்டியதாயிற்று. பல உரையாடல்களின் முடிவில் கேட்டவர்கள் மரியாதையோடு விடைபெற்றனர். அவர் சமயத்தை ஏற்கவில்லை.

வேறொருவராயிருந்தால் தாம் வென்ற வாதங்களை மட்டும் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பியிருப்பார். இவர் தம்மை மறுத்தவர் கூறியவற்றையும் எழுதினார். அதுமட்டுமன்று. தமிழறிஞர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்கள் ஓலையில் எழுதிய விடைகளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார். அவை ஏறத்தாழ நூறு மடல்கள். அவற்றுள் தமிழர் தம் இறைக்கொள்கை, மருத்துவம், திருமணம், வானநூல் பற்றியெல்லாம் விளக்கினர். கிறித்தவர்களைப் பற்றித் தாம் நினைத்ததையும் ஒளிக்காமல் எழுதினர். குடித்து மயங்குகிறார்கள், பசுவைக் கொல்கிறார்கள், தூய்மை பேணுவதில்லை, போதிப்பது ஒன்றும் செய்வது ஒன்றுமாக இருக்கிறார்கள் என்பன அவர்கள் குற்றச்சாட்டுகள். இவையும் ஹாலேயில் அச்சேறி ஐரோப்பியரின் கைக்குச் சென்றன. தம் சமயத்தார்க்குக் கசப்பான அந்தச் சொற்களை மொழிபெயர்த்தவர் சமயம் பரப்ப வந்தவரே.

1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களின் மரபை விளக்கும் பெரிய நூலொன்றை எழுதி முடித்தார். அதைக் கண்ட பிராங்கே மகிழவில்லை. புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பியவர் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்று கண்டித்து நூலைக் கிடப்பில் போட்டார். எந்த ஆசிரியரைத் தந்தையாக மதித்தாரோ அவரே மறுத்தார். அந்நூல் 1867-இல்தான், ஆசிரியர் இறந்து ஒன்றரை நூற்றாண்டு கழித்து, சென்னையில் அச்சாயிற்று. இன்று தமிழ்நாட்டுச் சமய வரலாற்றை ஆய்வோர்க்கு அது அரிய சான்று.

அச்சும் எழுத்தும்

மொழிபெயர்ப்பு முடிந்தாலும் ஓலையில் படியெடுத்து எத்தனை பேருக்குக் கொடுப்பது? இலண்டனிலிருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் ஓர் அச்சுப்பொறியை அனுப்பியது. வரும் வழியில் அக்கப்பல் பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டது. பணம் கொடுத்து மீட்டனர். கூட வந்த அச்சுத் தொழிலாளி நன்னம்பிக்கை முனையருகே இறந்தார். 1712-இல் பொறி மட்டும் வந்து சேர்ந்தது. அச்சுத் தெரிந்த படைவீரன் ஒருவனைத் தேடிப் பிடித்துப் போர்த்துக்கீசிய நூல்களை முதலில் அச்சிட்டனர். ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்தன. அவை மிகப் பெரியவை. காகிதம் ஏராளமாகச் செலவாயிற்று. எனவே இங்கிலாந்திலிருந்து பாலாடைக் கட்டிகள் பொதிந்து வந்த ஈயத் தகடுகளை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்த்தனர். 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு இதுவே.

தமிழில் அச்சான முதல் நூல் இது என்று சிலர் எழுதுவது பிழை. தம்பிரான் வணக்கம் 1578-இலேயே கொல்லத்தில் அச்சாகி விட்டது. ஆனால் தமிழகத்தில் தொடர்ந்து இயங்கிய அச்சுக்கூடம் என்ற பெருமை தரங்கம்பாடிக்கு உண்டு.

கடைசி அடி

1714-இல் சீகன்பால்கு ஐரோப்பா சென்றார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் சென்றார். கப்பலிலேயே இலத்தீன் மொழியில் தமிழ் இலக்கணம் எழுதினார். 1716-இல் அது ஹாலேயில் வெளிவந்தது. மரியா டோரதியாவை மணந்து அதே ஆண்டு மீண்டும் தமிழகம் வந்தார். ஹாசியஸ் பதவியில் இல்லை. சென்னையிலும் கடலூரிலும் பள்ளிகள் தொடங்கின. 1718 அக்டோபரில் புதிய எருசலேம் ஆலயம் கட்டி முடிந்தது. இனிப் பகையில்லை என்றே தோன்றியது.

அந்த வேளையில்தான் கடுமையான அடி விழுந்தது. இம்முறை அடித்தது கோட்டைத் தலைவர் அல்லர், தமிழரும் அல்லர். கோபன்ஹேகனில் இப்பணிக்கென அமைந்த சபையின் செயலாளர் வெண்ட் என்பவர். வேதம் போதிக்க வந்தவருக்குக் கோயிலும் பள்ளியும் கட்டடமும் எதற்கு, அப்போஸ்தலர் போல் வெறுங்கையோடு ஊர் ஊராகச் சுற்ற வேண்டியதுதானே என்பது அவர் வாதம். பண உதவி சுருங்கியது. கண்டன மடல்கள் வந்தன. கோட்டைச் சிறையைத் தாங்கிய நெஞ்சு இதைத் தாங்கவில்லை. வயிற்று நோயும் முற்றியது. பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத்தின் நூலோடு நின்றது. 1719 பிப்ரவரி 23-ஆம் நாள் தம் முப்பத்தாறாம் வயதில் சீகன்பால்கு மறைந்தார். தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

எது வெற்றி?

கணக்குப் பார்த்தால் அவர் காலத்தில் திருச்சபையில் இருந்தவர் சில நூறு பேரே. பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்கு இது சிறிய எண். ஆய்வுக்கூடத்தில் எதிர்பார்த்த விடை வராவிட்டால் சோதனை தோற்றது என்று எழுதிவிட நாம் பழகியிருக்கிறோம். மனித வாழ்வை அப்படி அளக்க முடியுமா? அவர் தொட்டு நின்ற பழைய ஏற்பாட்டைச் சூல்ட்ஸ் என்பவர் முடித்தார். 1718-இல் அவர் கையால் திருமுழுக்குப் பெற்ற ஆரோன் என்ற தமிழர் 1733-இல் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தத் திருச்சபை வழியில் குருவான முதல் இந்தியர் அவரே. விதைத்தவர் அறுவடையைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் நான் காணும் வெற்றி இதனினும் வேறானது. உண்மையோடு ஒரு செய்தியைச் சொல்வதென்றால் செய்திக்கு மட்டும் உண்மையாக இருந்தால் போதாது. கேட்பவருக்கும் உண்மையாக இருக்க வேண்டும். கேட்பவன் மொழியைக் கற்க வேண்டும். அவன் நூலைப் படிக்க வேண்டும். அவன் மறுத்தால், அந்த மறுப்பை அவன் சொன்னபடியே எடுத்துச் சொல்லும் நேர்மை வேண்டும். சீகன்பால்கு இதைத் தவறிக் கற்றார், கற்றபின் விடவில்லை. அதனால்தான் அவர் சமயத்தை ஏற்காதவரும் அவர் திரட்டிய ஏட்டுப் பட்டியலையும் மடல்களையும் நன்றியோடு புரட்டுகின்றனர்.

தோழர்களே! நம்மில் ஒவ்வொருவருக்கும் ஒரு கொள்கை உண்டு. சமயமாக இருக்கலாம், பகுத்தறிவாக இருக்கலாம், அரசியலாகவும் இருக்கலாம். விடுதித் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் அதற்காக உரக்க வாதாடுகிறோம். எதிரில் இருப்பவர் மறுத்தவுடன் சினந்து எழுந்து விடுகிறோம். அடுத்த முறை அப்படி எழுமுன், தரங்கம்பாடித் திண்ணையில் சிறுவர்களுக்கிடையே அமர்ந்து மணலில் அகரம் எழுதிய அந்த இளைஞரைச் சற்றே நினைத்துக் கொள்வோம். நாம் சொல்ல வந்ததைச் சொல்லும் முன் எதிரில் இருப்பவரின் எழுத்தைக் கற்றுக் கொண்டோமா என்று நம்மை நாமே கேட்டுக் கொள்வோம்.